மீன் எண்ணுகிறவர்கள்



அலாஸ்காவின் தென்மேற்கில் பிரிஸ்டல் வளைகுடா இருக்கிறது. ஆண்டுதோறும் ஜூன் கடைசியில் தொடங்கி ஜூலை முடிவதற்குள், உலகிலேயே மிகப் பெரிய சாக்கை சால்மன் கூட்டம் அந்த வளைகுடாவில் வந்து விழும் ஆறுகளில் ஏறிவிடுகிறது. க்வீஜாக், நாக்நெக், வுட் முதலிய ஆறுகளின் இரு கரைகளிலும் சாரம் கட்டிய கோபுரங்கள் நிற்கும். கண்கூச்சத்தைத் தடுக்கும் கண்ணாடி அணிந்து, கையில் எண்ணுகருவியுடன் ஓர் இளைஞரோ இளம்பெண்ணோ அதன்மேல் உட்கார்ந்திருப்பார். சில இடங்களில் ஆற்றின் அடியில் வெள்ளைத் தகடு விரித்திருப்பார்கள். மீன் அதைக் கடக்கும்போது முதுகு கறுத்துத் தெரியும். ஒவ்வொரு மணி நேரத்திலும் இந்தக் கரையில் பத்து நிமிடம், அந்தக் கரையில் பத்து நிமிடம் எண்ணுவார்கள். வந்த எண்ணை ஆறால் பெருக்கினால் அந்த மணி நேரத்துக் கணக்கு. இரவிலும் விளக்கு வைத்து இதே வேலைதான். 1950-களில் தொடங்கிய முறை இன்றும் நடக்கிறது.

பத்து நிமிடத்தைப் பார்த்துவிட்டு மீதி ஐம்பதை ஊகிப்பது சரியாக வருமா என்று கேட்கத் தோன்றும். சரியாகவே வருகிறது. இந்த ஆறுகள் ஏரிகளிலிருந்து புறப்படுபவை. தண்ணீர் தெளிவாக இருக்கும். மேலேறும் மீன் நடு ஆற்றின் வேகத்தைத் தவிர்த்துக் கரையோரமாக வரிசை பிடித்துப் போகும். நாளுக்கு இருபத்து நான்கு முறை, பருவம் முழுவதும் எண்ணும்போது, ஒரு மணி நேரத்தில் கூடுவதும் இன்னொன்றில் குறைவதும் சரிக்கட்டிக்கொள்கின்றன.

அந்த எண் அன்றைக்கே வேலை செய்கிறது. ஒவ்வோர் ஆற்றுக்கும் இத்தனை மீன் முட்டையிடப் போய்ச் சேர்ந்தாக வேண்டும் என்று ஓர் இலக்கு உண்டு. கோபுரக் கணக்கு இலக்கை நோக்கி ஏறுகிறதா, பின்தங்குகிறதா என்பதைப் பார்த்துத்தான் அலாஸ்கா மீன் வேட்டைத் துறையின் அதிகாரி, எந்தக் கழிமுகத்தில் எத்தனை மணி நேரம் வலை போடலாம் என்று வானொலியில் அறிவிக்கிறார். முப்பத்திரண்டு அடிக்கு மேல் நீளம் கூடாது என்ற சட்டத்துக்குட்பட்ட ஆயிரத்துக்கும் மேற்பட்ட படகுகள் அந்த அறிவிப்புக்காகக் காத்திருக்கும். கணக்கு பின்தங்கினால், கண்ணெதிரே மீன் துள்ளினாலும் வலை இறங்காது. 2022-இல் இந்த வளைகுடாவுக்கு வந்த சாக்கை சால்மன் ஏறத்தாழ 7 கோடியே 90 லட்சம். அதில் சுமார் 6 கோடி பிடிபட்டது. நூறாண்டுக்கும் மேலாக வணிக மீன்பிடிப்பு நடக்கும் இடத்தில் கண்ட உச்சம் அது.

கடலில் வளர்ந்து ஆற்றில் ஏறும் மீன் தமிழருக்குப் புதிதல்ல. வங்காளத்தார் இலிஷ் என்று கொண்டாடும் மீனை நாம் உள்ளம் என்போம். காவிரியில் அது ஏறி வந்துகொண்டிருந்தது. 1934-இல் மேட்டூர் அணை எழுந்த பிறகு மேல் காவிரிக்கு அதற்கு வழியில்லாமல் போயிற்று. உள்ளம் முட்டையிட்டுவிட்டுக் கடலுக்குத் திரும்பும். பசிபிக் சால்மன் திரும்புவதில்லை. பிறந்த ஓடையின் மணத்தை மோப்பம் பிடித்து மேலேறி, வழியில் இரை எடுக்காமல் உடம்பின் கொழுப்பை எரித்தே நீந்தி, சரளைக்கல்லில் பள்ளம் பறித்து முட்டையிட்டு அங்கேயே இறந்துபோகும். சாக்கை, சினூக், கோஹோ, சம், பிங்க் என வட அமெரிக்கக் கரையில் உள்ள ஐந்து இனங்களுக்கும் இதுவே விதி. ஒரு மீன் வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் வருகிறது. எனவே இந்த ஆண்டு மேலே போகவிட்ட மீன்களின் மக்களே மூன்று, நான்கு, ஐந்து ஆண்டு கழித்து வர முடியும். ஆற்று சால்மனைக் கண்காணிக்கும் மீன்வள உயிரியலாளரின் வேலை முழுவதும் இந்த ஒற்றை வருகையைச் சுற்றியே அமைந்திருக்கிறது.

எண்ணிக்கை சட்டமாகவே ஆகிவிட்ட இடமும் உண்டு. வாஷிங்டன் மாநிலத்துப் பழங்குடி மக்கள் 1850-களில் நிலத்தை விட்டுக்கொடுத்தபோது, வழக்கமான இடங்களில் மீன்பிடிக்கும் உரிமையை உடன்படிக்கையில் எழுதி வாங்கியிருந்தார்கள். பிறகு வந்த மாநில அரசு, அந்த உரிமையைப் பயன்படுத்தியவர்களையே கைதுசெய்தது. நிஸ்குவாலி இனத்தைச் சேர்ந்த பில்லி ஃபிராங்க் ஜூனியர் முதன்முறை கைதானபோது அவருக்கு வயது பதினான்கு. பிறகு ஐம்பது முறைக்கு மேல் கைதானார். 1974 பிப்ரவரியில் நீதிபதி ஜார்ஜ் போல்ட், பிடிக்கத்தக்க மீனில் பாதி பழங்குடியினருக்கு உரியது என்று தீர்ப்பளித்தார். 1979-இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது.

பாதி என்றால் எதில் பாதி? மொத்தம் எவ்வளவு வரும், முட்டையிட எவ்வளவு விட வேண்டும், கழித்தால் மீதி எவ்வளவு என்று தெரியாமல் பாதியைப் பிரிக்க முடியாது. அதுவரை மாநிலத்து அலுவலகங்களில் மட்டும் இருந்த கணக்கு, தீர்ப்புக்குப் பிறகு இரு தரப்பும் உட்கார்ந்து ஒப்புக்கொள்ள வேண்டிய ஒன்றாயிற்று. பழங்குடிகள் தாங்களே உயிரியலாளர்களை வேலைக்கு அமர்த்தினார்கள். வடமேற்கு இந்தியர் மீன்வள ஆணையம் உருவாயிற்று. அதே பில்லி ஃபிராங்க் அதன் தலைவராக முப்பது ஆண்டு அளவில் இருந்தார். இன்று அந்த ஆறுகளில் குஞ்சு பிடித்து எண்ணுபவர்களில் பலர் பழங்குடித் துறைகளின் பணியாளர்கள். அறிவியலில் நடந்த இந்த மாற்றத்துக்கு வரலாற்று நூல்கள் உரிய இடம் தரவில்லை.

கணக்கு இல்லாத காலத்தில் என்ன நடந்தது என்பதற்குக் கனடாவின் ஃபிரேசர் ஆறு சாட்சி. அதன் சாக்கை சால்மன் பெரும்பாலும் நான்கு வயதில் திரும்பும். நான்கு ஆண்டுக்கு ஒருமுறை பெருவரவு. 1913 அப்படிப்பட்ட ஆண்டு. அதே நேரத்தில் ஹெல்ஸ் கேட் என்னும் குறுகிய கணவாயில், ரயில் பாதை போட வெடிவைத்துத் தகர்த்த பாறைகள் ஆற்றுக்குள் விழுந்துகொண்டிருந்தன. 1914-இல் பெரிய சரிவு ஒன்றும் சேர்ந்தது. தண்ணீர் சீறிப் பாய, மீன்கள் கீழே முட்டிமோதி நின்றன. கணவாயின் பழங்குடி மக்கள் கூடைகளில் மீனை அள்ளித் தடையைத் தாண்டிக் கொண்டுபோய் விட்டார்கள். 1917-இல் வர வேண்டிய பெருவரவு 1913-இன் ஒரு சிறு பகுதியாகச் சுருங்கியது. 1921-இல் இன்னும் தேய்ந்தது.

அதற்குப் பிறகும் வழி சரியாகிவிட்டது என்றே பலர் நம்பினார்கள். 1937-இல் கனடாவும் அமெரிக்காவும் சேர்ந்து ஓர் ஆணையம் அமைத்தன. அதன் ஆய்வுக்குத் தலைமை ஏற்ற வில்லியம் தாம்சன், ஹெல்ஸ் கேட்டுக்குக் கீழே மீன்களைப் பிடித்து அடையாள வில்லை மாட்டி ஆற்றில் விட்டார். எந்த நாளில் விட்ட மீன் எந்த நாளில் மேலே தென்படுகிறது, எது தென்படவே இல்லை என்று குறித்துக்கொண்டே வந்தார்கள். விடை தெளிவாக விழுந்தது: ஆற்று நீர் சில குறிப்பிட்ட மட்டங்களில் ஓடும் நாட்களில் மீன் கணவாயைக் கடக்க முடிவதில்லை. மற்ற நாட்களில் கடந்துவிடுகிறது. போய்ப் பார்த்தவர்கள் மீன் ஏறும் நாளில் பார்த்துவிட்டு நிம்மதியாகத் திரும்பியிருக்கிறார்கள். இரை எடுக்காத மீனுக்குத் தாமதமே சாவு. கையிருப்புக் கொழுப்பு தீர்ந்தால் ஓடையைச் சேர்ந்தும் முட்டையிட முடியாது. இந்தக் கணக்கின் பேரில்தான் 1940-களின் நடுவில் இரு கரைகளிலும் கான்கிரீட்டில் மீன்வழிகள் கட்டினார்கள். மேல் ஃபிரேசரின் வரவு மெல்ல எழுந்தது.

2019 ஜூனில் அதே ஆற்றில், இன்னும் வடக்கே பிக் பார் என்ற இடத்தில் ஒரு பாறைச் சரிவைக் கண்டுபிடித்தார்கள். மனித நடமாட்டம் அரிதான அந்தக் கணவாயில் சரிவு முந்தைய ஆண்டின் பிற்பகுதியிலேயே நடந்திருந்தது. இம்முறை யாரும் முப்பது ஆண்டு காத்திருக்கவில்லை. ஹெலிகாப்டரில் தொட்டி கட்டிப் பல்லாயிரம் மீன்களை மேலே கொண்டுபோனார்கள்; பாறையை உடைத்தார்கள்; காற்றழுத்தக் குழாய் வழியே மீனை மேலே அனுப்பும் ஏற்பாடும் செய்தார்கள்.

ஏறும் மீனை எண்ணுவதோடு வேலை முடிவதில்லை. இறங்கும் குஞ்சுகளையும் எண்ண வேண்டும். இல்லாவிட்டால் மீன் ஆற்றில் செத்ததா, கடலில் செத்ததா என்று பிரித்தறிய முடியாது. வசந்த காலத்தில் இரு மிதவைகளுக்கு நடுவே ஒரு பெரிய துளைத்தகட்டுக் கூம்பைக் கட்டி ஆற்றில் நிறுத்துவார்கள். நீரோட்டமே அதைச் சுழற்றும். உள்ளே நுழைந்த குஞ்சு பின்னாலுள்ள பெட்டியில் போய் நிற்கும். காலையில் கட்டை, இலை, சருகுகளை அள்ளி வீசிவிட்டுக் குஞ்சுகளை மயக்க மருந்து கலந்த வாளியில் விட்டு, நீளமும் எடையும் பார்த்துத் திரும்ப விடுவார்கள். கிராம்பிலிருந்து எடுக்கும் யூஜினால் சேர்ந்த மயக்க மருந்தும் இதற்கு உண்டு. பொறி ஆற்றின் ஒரு பகுதியைத்தான் பிடிக்கிறது. எவ்வளவு பகுதி என்பதை அறிய, சில குஞ்சுகளுக்குச் சாயமேற்றி மேலே கொண்டுபோய் மறுபடி விடுவார்கள். ஆயிரம் விட்டு ஐம்பது சிக்கினால், பொறிக்குள் வருவது இருபதில் ஒன்று என்று பொருள்.

அடையாளக் கருவிகள் நுட்பமாகிக்கொண்டே வந்திருக்கின்றன. 1960-களில் வந்த குறியீட்டுக் கம்பி ஒரு மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும். பொரிப்பகக் குஞ்சின் மூக்குக் குருத்தெலும்பில் செலுத்தி, வெளியடையாளமாக முதுகின் பின்புறமுள்ள சிறு கொழுப்புத் துடுப்பை நறுக்கிவிடுவார்கள். 1980-களில் வந்த பிட் குறி 12 மில்லிமீட்டர் கண்ணாடிக் குழாய், மின்கலம் கிடையாது, அணையின் மீன்வழியில் பதித்த வளையத்தைக் கடக்கும்போது தன் எண்ணைச் சொல்லிவிடும். எந்தக் கருவியும் பொருத்தாத மீனின் தலைக்குள்ளேயே ஒரு பதிவேடு இருக்கிறது என்பதுதான் எல்லாவற்றிலும் வியப்பு. செவிக்கல்லில் நாளுக்கொரு மெல்லிய வளையம் வளர்கிறது. அந்தந்த ஓடையின் பாறைக்கேற்ற ஸ்ட்ரான்சிய விகிதம் அதில் படிந்துவிடுவதால், செத்த மீனின் செவிக்கல்லை அறுத்துத் தேய்த்தால் அது எந்தக் கிளையாற்றில் பிறந்தது, எப்போது கடலைத் தொட்டது என்று படிக்க முடிகிறது.

இவ்வளவு வந்த பிறகும் முழங்கால் தண்ணீரில் ஓடையோரமாக நடந்து செத்த மீனைப் பார்க்கும் வேலை ஒழியவில்லை, ஒழியவும் கூடாது. கிடைத்த சடலத்தின் நீளத்தை அளந்து, செதிலும் செவிக்கல்லும் எடுத்து, பெண்மீனாக இருந்தால் வயிற்றைக் கிழித்து முட்டை மிச்சமிருக்கிறதா என்று பார்ப்பார்கள். மறுபடி எண்ணிவிடாமலிருக்க வாலை வெட்டிவிட்டு அங்கேயே போட்டுவிடுவார்கள். அது அந்த ஓடைக்கே எரு. நாற்றமும் குளிரும் மிகுந்த வேலை. கரடிக்கும் அதே சடலத்தின்மேல் ஆசை உண்டு என்பதால் பேசிக்கொண்டே நடக்க வேண்டும்.

இந்த நடையிலிருந்துதான் ஒரு பெரிய உண்மை வெளிவந்தது. சியாட்டில் நகரத்து ஓடைகளை 1990-களில் செலவழித்துச் சீர்படுத்தினார்கள். கோஹோ சால்மன் திரும்பியும் வந்தது. பலன் எப்படி என்று பார்க்கப் போனவர்கள் விபரீதமான காட்சியைக் கண்டார்கள்: மீன்கள் மேற்பரப்பில் திசை தப்பிச் சுழன்றன, வாயைப் பிளந்தன, சில மணி நேரத்தில் செத்தன. பெண்மீனின் வயிற்றைத் திறந்தால் முட்டைகள் அப்படியே இருந்தன. லாங்ஃபெலோ என்ற ஓடையில் 2002 முதல் 2009 வரை இலையுதிர்காலத்தில் நாள்தோறும் நடந்து பார்த்தார்கள். ஆண்டுக்காண்டு, வந்த கோஹோவில் 60 முதல் 100 சதவீதம் முட்டையிடுவதற்கு முன்பே இறந்திருந்தது.

நோயா என்று பார்த்தார்கள்; இல்லை. வெப்பம், உயிர்வளி, உலோகம், பூச்சிமருந்து என்று தேடியும் எதுவும் பொருந்தவில்லை. மழை பெய்து சாலைத் தண்ணீர் ஓடையில் இறங்கும்போதே சாவு வருகிறது என்பது மட்டும் நிச்சயமாக இருந்தது. அதே தண்ணீரில் சம் சால்மன் நலமாக இருப்பது புதிரை இன்னும் இறுக்கியது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் டக்கோமா வளாகத்தைச் சேர்ந்த எட்வர்ட் கோலோஜே, சென்யூ தியான், வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஜெனிஃபர் மெக்கின்டயர் முதலியோர் டயர்த் துகள் ஊறிய தண்ணீரைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியையும் மீனிடம் சோதித்துக்கொண்டே போனார்கள். 2020 டிசம்பரில் 'சயன்ஸ்' இதழில் விடை வந்தது. ரப்பரில் வெடிப்பு விழாமலிருக்க டயரில் சேர்க்கும் 6பிபிடி என்ற வேதிப்பொருள், காற்றிலுள்ள ஓசோனோடு சேர்ந்து 6பிபிடி-குயினோன் ஆக மாறுகிறது. அதுதான் கொலையாளி. உலகத்தில் ஓடும் டயர்கள் அனைத்திலும் 6பிபிடி அல்லது அதற்கு நெருக்கமான பொருள் இருக்கிறது எனலாம். 2023-இல் யூரோக் உள்ளிட்ட மூன்று பழங்குடிகள் விண்ணப்பித்ததன் பேரில், அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இதை ஒழுங்குபடுத்தும் நடவடிக்கையைத் தொடங்க ஒப்புக்கொண்டது.

செத்த மீனின் வயிற்றில் முட்டை மிச்சமிருக்கிறதா என்ற கட்டத்தை ஒருவர் நிரப்பாமல் விட்டிருந்தால், இந்த மீன்கள் முட்டையிட்டுவிட்டு இயல்பாக இறந்தவை என்றே கணக்கில் ஏறியிருக்கும். எந்த விவரம் பின்னால் எதற்குப் பதிலாகும் என்று எண்ணும் நாளில் தெரியாது. அதனால்தான் சலிப்பூட்டும் ஆண்டுகளிலும் எண்ண வேண்டியிருக்கிறது. நிதி குறையும்போது முதலில் கைவைக்கப்படுவதும் இந்த வேலைதான் என்பது வேதனை. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஆண்டுதோறும் ஆள் நடந்து பார்க்கும் ஓடைகளின் எண்ணிக்கை 1980-களில் இருந்ததைவிட வெகுவாகக் குறைந்துவிட்டது. பெரிய ஆற்றில் ஒலிக்கருவி வைத்து மொத்தத்தை எண்ணிவிடுகிறோமே, சிறு ஓடைகள் எதற்கு என்று கேட்கிறார்கள்.

பதில் பிரிஸ்டல் வளைகுடாவிலேயே இருக்கிறது. அங்கே ஒன்றுக்கொன்று வேறான சில நூறு சாக்கை குலங்கள் உண்டு. சில ஏரிக்கரையில் முட்டையிடுபவை, சில சிற்றோடையில், சில கடலில் இரண்டு ஆண்டு இருப்பவை, சில மூன்று. டேனியல் ஷிண்ட்லரும் அவர் குழுவினரும் ஐம்பது ஆண்டுக் கணக்கை அலசி 2010-இல் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள்: இத்தனை குலங்களுக்குப் பதில் எல்லாம் ஒரே மாதிரி மீனாக இருந்திருந்தால் ஆண்டுக்காண்டு ஏற்ற இறக்கம் 2.2 மடங்கு கூடியிருக்கும்; மீன்பிடிப்பை நிறுத்த வேண்டிய நிலை பத்து மடங்கு அடிக்கடி வந்திருக்கும். மானாவாரி நிலத்தில் கம்பும் துவரையும் எள்ளும் கலந்து விதைக்கிற சம்சாரிக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மொத்தத்தை மட்டும் எண்ணினால், சிறு குலங்கள் ஒவ்வொன்றாக அழிவது பெரிய குலத்தின் செழிப்பில் மறைந்துபோகும்.

மொத்தக் கணிப்பும் ஏமாற்றும். 2009-இல் ஃபிரேசருக்கு ஒரு கோடிக்கு மேல் சாக்கை வரும் என்று கணித்திருந்தார்கள். வந்தது பதினைந்து லட்சம் அளவில். நீதிபதி புரூஸ் கோஹன் தலைமையில் விசாரணை ஆணையம் அமைத்தார்கள். மறு ஆண்டே இரண்டே முக்கால் கோடிக்கு மேல் வந்து எல்லோரையும் திகைக்க வைத்தது. 2012-இல் வந்த அறிக்கை, ஒற்றைக் குற்றவாளி யாருமில்லை என்றது. 75 பரிந்துரைகள் சொன்னது. பருவத்துக்கு முன் செய்யும் கணிப்பைவிட, பருவம் நடக்கும்போதே மிஷன் என்ற இடத்தில் ஒலியலை கொண்டு எண்ணி, சோதனை வலையில் சிக்கும் மீனின் மரபணுவைப் பார்த்து எந்தக் குலம் என்று பிரிப்பதையே அந்த ஆற்று மேலாளர்கள் நம்பியிருப்பதற்குக் கணிப்பு இப்படிப் பொய்ப்பதே காரணம்.

சில எண்களைச் சொல்வதே கடினமான வேலை. யூகான் ஆறு கலங்கல். கோபுரத்திலிருந்து எதுவும் தெரியாது. பைலட் ஸ்டேஷன் என்ற ஊரருகே ஒலிக்கருவி மீனை எண்ணும். எந்த இனம் என்று அதற்குத் தெரியாததால், பல அளவுக் கண்ணிகள் கொண்ட வலைகளைப் போட்டு விகிதம் பிரிக்கிறார்கள். 2021-லும் 2022-லும் சினூக்கும் சம்மும் அங்கே வரலாறு காணாத அளவு வீழ்ந்தன. குளிர்காலத்துக்கு மீனை உலர்த்தி வைத்துப் பிழைக்கும் கிராமங்களுக்கு, உணவுக்குக்கூடப் பிடிக்கக் கூடாது என்ற உத்தரவு போயிற்று. 2024 ஏப்ரலில் அலாஸ்காவும் கனடாவும் சினூக் பிடிப்பை ஏழு ஆண்டுக்கு, அதாவது மீனின் ஒரு முழு வாழ்நாளுக்கு, நிறுத்த ஒப்பந்தம் செய்தன. எல்லையைத் தாண்டிக் கனடாவுக்குள் 71,000 சினூக் போய்ச் சேர வேண்டும் என்பது இலக்கு. ஆற்றங்கரையில் பிறந்து வளர்ந்த பாட்டிமார், வலை போடக் கூடாத கோடைகளில் பேரப்பிள்ளைகளுக்கு மீன் அறுக்கக் கற்றுக்கொடுக்க முடியாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். கணக்கு எடுப்பவர் அந்தக் கூட்டங்களுக்கு நேரில் போய், கேள்விகளுக்குப் பதில் சொல்லத்தான் வேண்டும். மீனோடு அந்த மக்களும் அவருடைய பொறுப்பில் அடக்கம்.

எண்ணுவதற்குப் புதிதாக ஓர் ஆறும் கிடைத்திருக்கிறது. ஓரிகனிலும் கலிஃபோர்னியாவிலும் ஓடும் கிளாமத்தில் 2002 செப்டம்பரில், வெதுவெதுப்பான குறைந்த நீரில் நோய் பரவி, அதிகாரபூர்வக் கணக்கின்படியே 34,000 மீன் மாண்டது. யூரோக் மக்கள் அன்று தொடங்கிய போராட்டம் நான்கு அணைகளை அகற்றுவதில் முடிந்தது. 2024 அக்டோபர் தொடக்கத்தில் கடைசி வேலையும் முடிந்தது. அக்டோபர் 16 அன்று, முன்பு ஜே. சி. பாயில் அணை இருந்த இடத்துக்கு மேலே ஒரு கிளையோடையில் சினூக் சால்மனை ஓரிகன் மீன் உயிரியலாளர்கள் அடையாளம் கண்டார்கள். 1912-க்குப் பிறகு ஓரிகன் பகுதிக் கிளாமத்துக்குக் கடலிலிருந்து வந்த முதல் மீன்கள் அவை. கீழே, அயர்ன் கேட் அணை இருந்த இடத்தருகே வைத்த ஒலிக்கருவி அந்தப் பருவத்தில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட சினூக் மேலேறியதைப் பதிந்தது.

இதை வைத்து வெற்றி என்று அறிவித்துவிட அங்குள்ள உயிரியலாளர்கள் அவசரப்படவில்லை. அவை அணைக்குக் கீழே பிறந்து, வழி திறந்ததும் மேலே ஏறிப் பார்த்த மீன்கள். அவை இட்ட முட்டைகளிலிருந்து வந்தவை பெரும்பாலும் 2027, 2028 இலையுதிர்காலங்களில்தான் கடலிலிருந்து திரும்பும். அதுவரை ஒவ்வொரு வசந்தத்திலும் சுழல்பொறி இறங்க வேண்டும். ஒவ்வோர் இலையுதிர்காலத்திலும் ஆட்கள் ஓடை ஓடையாக நடந்து பள்ளங்களையும் சடலங்களையும் குறிக்க வேண்டும். அந்தச் செவிக்கற்களில் எத்தனை, அணைகள் இருந்த இடத்துக்கு மேலுள்ள ஓடைகளின் ஸ்ட்ரான்சியத்தைக் காட்டுகின்றன என்று அறுத்துப் பார்க்க வேண்டும். அதற்கான ஆட்களுக்கும் பணத்துக்கும் ஆண்டுதோறும் மனுப்போட வேண்டியிருக்கிறது.